பிரிட்டன், ஐரோப்பா, நடுவில் ஒரு போன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் லண்டன்வாசி, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரன். மனைவி வீட்டாரில் பாதிப் பேர் பாரிஸில் இருக்கிறார்கள். ஊரிலிருந்து பேசும் நண்பர்களும் சரி, பாரிஸ் சொந்தங்களும் சரி, பிரெக்ஸிட் பற்றி, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டுப் பிரிட்டன் வெளியேறியதைப் பற்றி, திரும்பத் திரும்ப அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். பாதி தகவல், பாதி என் அபிப்பிராயம். எது எது என்று படிக்கும்போதே தெரிந்துவிடும்.

பிரெக்ஸிட் முடிந்து இவ்வளவு காலமாகியும் இன்னுமா அதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

வாக்கெடுப்பு நடந்தது 2016 ஜூன் 23. வெளியேற 51.9 சதவீதம், தங்க 48.1 சதவீதம். பிரிட்டன் அதிகாரபூர்வமாக வெளியேறியது 2020 ஜனவரி 31, இரவு 11 மணி. ஏன் 11 மணி என்றால், ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸில் அப்போதுதான் நள்ளிரவு. கிளம்பும் நேரம்கூட அவர்கள் கடிகாரப்படிதான். அப்புறம் 11 மாதம் பழைய விதிகளே ஓடின. 2021 ஜனவரி 1 முதல்தான் மாற்றம் கைக்கு வந்தது.

இப்போது டிவியில் அந்தப் பழைய சண்டை இல்லை. குடும்பங்களில் பேசாமல் இருந்தவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் விஷயம் முடியவில்லை. ஐரோப்பாவோடு இருந்த உறவு எதுவும் அறுந்துபோகவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவமும் ஒரு சின்னக் கட்டணமும் முளைத்திருக்கிறது, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், கடல், எல்லை எதுவும் தெரியாதது என்று நாம் நினைத்திருந்த இணையத்தில்தான் அது தினமும் கண்ணில் படுகிறது.

வாக்கெடுப்பு முடிவைத் தீர்மானித்ததே ஃபேஸ்புக்தான் என்கிறார்களே?

நான் முழுக்க நம்பவில்லை. ஆனால் நடந்த கதை கேட்கத் தகுந்தது.

வெளியேறும் தரப்பின் அதிகாரபூர்வ அமைப்பு ‘வோட் லீவ்’. அவர்களுக்கு வாக்காளர்களின் விவரங்கள் தேவைப்பட்டன. 2016 யூரோ கால்பந்துப் போட்டி தொடங்கவிருந்த நேரம் அது. 51 ஆட்டங்களின் முடிவையும் சரியாகச் சொன்னால் 5 கோடி பவுண்ட் பரிசு என்று அறிவித்தார்கள். ஐம்பத்தொன்றையும் சரியாகச் சொல்ல யாரால் முடியும்? அது அறிவித்தவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்! கலந்துகொள்பவர் பெயரையும் தொடர்பு விவரங்களையும் கொடுக்க வேண்டும். வேண்டியது அதுதான்.

விளம்பர வேலையைப் பார்த்தது கனடாவின் விக்டோரியா நகரத்திலிருந்த அக்ரிகேட்ஐக்யூ என்ற சிறிய நிறுவனம். யாருக்கு என்ன காட்டினார்கள் என்பதை 2018இல் நாடாளுமன்றக் குழு அந்த விளம்பரங்களை வெளியிட்டபோதுதான் ஊர் பார்த்தது. ஒருவருக்கு, துருக்கி ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரப்போகிறது என்ற பயமுறுத்தல். விலங்குப் பிரியருக்குக் காளைச் சண்டை. இன்னொருவருக்கு, ஐரோப்பிய ஒன்றியம் நம் டீயையே ஒழித்துக்கட்டப் பார்க்கிறது என்ற எச்சரிக்கை. பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது. தெருச்சுவரில் ஒட்டிய போஸ்டர் என்றால் மறுத்துப் பேசவாவது ஒரு ஆள் வந்திருப்பார்.

அதே 2018இல், செலவு வரம்பை மீறியது உள்ளிட்ட குற்றங்களுக்காகத் தேர்தல் ஆணையம் வோட் லீவுக்கு 61,000 பவுண்ட் அபராதம் போட்டது. ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்களை அனுமதியில்லாமல் அரசியலுக்கு எடுத்துக்கொண்ட கேம்பிரிட்ஜ் அனலிடிகா நிறுவனத்தின் விவகாரத்தில் ஃபேஸ்புக்குக்கு 5 லட்சம் பவுண்ட் அபராதம் விழுந்தது. ஆனால் 2020இல், தனியுரிமைச் சட்டத்தைக் கவனிக்கும் தகவல் ஆணையரின் விசாரணை முடிந்தபோது தெரியவந்தது என்ன? கேம்பிரிட்ஜ் அனலிடிகா இந்த வாக்கெடுப்பில் ஆரம்பகட்ட விசாரிப்புகளைத் தாண்டி ஈடுபடவில்லை என்பதுதான். ‘அவர்கள்தான் பிரெக்ஸிட்டையே செய்தார்கள்’ என்று இன்றும் சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

என் கணக்கு வேறு. வெளியேற வேண்டும் என்று அதிகம் ஓட்டுப் போட்டவர்கள் 65 வயதைக் கடந்தவர்கள். அவர்கள் தலைமுறை பத்திரிகை படித்து வளர்ந்தது. அந்தப் பத்திரிகைகள் பல பத்தாண்டுகளாகச் சொன்ன கதைகளில் பிரசித்தமானது வாழைப்பழக் கதை. 1994இல் ஐரோப்பிய விதி ஒன்று, வாழைப்பழத்தில் அசாதாரண வளைவு இருக்கக்கூடாது என்றது. அதிலேயே இரண்டாம் தரப் பழத்துக்கு வடிவக் குறை இருந்தால் பரவாயில்லை என்றும் இருந்தது. பத்திரிகையில் வந்ததோ ‘வளைந்த வாழைப்பழத்துக்குத் தடை’. அந்தக் காலத்தில், 1989 முதல் 1994 வரை, டெய்லி டெலிகிராஃபின் பிரஸ்ஸல்ஸ் நிருபராக இருந்து இந்த மாதிரி ஐரோப்பியக் கேலிக்குப் பேர்போனவர், பின்னால் பிரதமரான போரிஸ் ஜான்சன். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் இப்படிப்பட்ட கதைகளுக்கு மறுப்பு எழுதவே தனியாக ஒரு பக்கம் நடத்தியது. யார் படித்தார்கள்? ஃபேஸ்புக் வருவதற்குள் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது என்பதுதான் என் எண்ணம்.

ஓட்டுப் போட்ட பிறகுதான் ‘ஐரோப்பிய ஒன்றியம் என்றால் என்ன’ என்று பிரிட்டிஷ்காரர்கள் கூகிளில் தேடினார்களாமே?

தேடினார்கள். ஆனால் கூகிள் ட்ரெண்ட்ஸ் காட்டுவது, வழக்கத்தைவிட எவ்வளவு கூடியது என்பதை. எத்தனை பேர் தேடினார்கள் என்பதை அல்ல. தேடியவர் ஓட்டுப் போட்டவரா, ஓட்டு வயது வராத பள்ளிப் பிள்ளையா என்றும் அது சொல்லாது. ஒரு நாடே முட்டாள் என்று சிரிக்க வசதியான செய்தி என்பதால் உலகம் சுற்றியது.

பிரான்ஸ் போனால் பிரிட்டிஷ் போன் வேலை செய்யுமா?

செய்யும். காசு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங் கட்டணம், அதாவது வேறு நாட்டில் போனைப் பயன்படுத்தக் கூடுதல் கட்டணம், கிடையாது. பிரிட்டனும் அதை அனுபவித்தது. வெளியேறிய பிறகு ‘கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவரும் திட்டமில்லை’ என்று சொன்ன நிறுவனங்களே 2022இல் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தன: வோடஃபோன், ஈஈ, த்ரீ. ஒரு நாளைக்கு 2 பவுண்டும் சொச்சமும். ஓடூ மட்டும் 25 ஜிபி வரை இலவசம் என்ற நிலையிலேயே நின்றது. இரண்டு வாரம் நான்கு பேர் குடும்பம் ஸ்பெயின் போனால் 100 பவுண்டைத் தாண்டிவிடும். அதனால் இப்போது பலர் கிளம்பும் முன்பே அட்டை இல்லாமல் போனிலேயே பதியும் ஒரு இ-சிம் வாங்கிவிடுகிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த இடம் டோவருக்குப் பக்கத்திலுள்ள செயின்ட் மார்கரெட்ஸ் பே. வெள்ளைப் பாறைகளுக்கு அடியிலுள்ள கடற்கரை. பிரிட்டிஷ் கோபுரங்களின் சிக்னலைப் பாறை மறைத்துவிடும். எதிரே கடலுக்கு அப்பாலிருந்து பிரெஞ்சு சிக்னல் தடையில்லாமல் வரும். இங்கிலாந்து மண்ணில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பவரின் போன் ‘பிரான்ஸ் வரவேற்கிறது’ என்று செய்தி காட்டும், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும். வட அயர்லாந்து எல்லையோரத்தில் இது சிரிப்பு விஷயம் இல்லை. வீட்டுச் சமையலறையிலிருந்து பேசினாலே அயர்லாந்து கோபுரம் பிடித்துக்கொள்ளும். இப்படித் தெரியாமல் ரோமிங்கில் விழுபவர்களை எச்சரிக்க வேண்டும் என்று 2024 அக்டோபரிலிருந்து தொலைத்தொடர்பு ஒழுங்காணையமான ஆஃப்காமின் விதி இருக்கிறது.

கடலடி இணையக் கேபிள்களையும் பிரெக்ஸிட் பாதித்ததா?

இல்லை. கேபிளுக்கு ஓட்டுரிமை கிடையாது. சொல்லப்போனால் பிரிட்டனுக்கும் கண்டத்துக்கும் நடுவிலுள்ள மின் தொடர்பு எல்லா ஒப்பந்தங்களுக்கும் மூத்தது. 1850 ஆகஸ்டில் டோவரிலிருந்து பிரான்ஸுக்குக் கடலடியில் முதல் தந்திக் கம்பியைப் போட்டார்கள். ஒரு நாள்கூட உருப்படியாகத் தாங்கவில்லை. ஒரு மீனவர் வெட்டிவிட்டார் என்பது கதை. அடுத்த ஆண்டே வலுவான கம்பியைப் போட்டு வெற்றி கண்டார்கள். அதே 1851இல் ஜூலியஸ் ராய்ட்டர் லண்டனில் அலுவலகம் திறந்தார். அந்தக் கம்பி வழியாக லண்டன், பாரிஸ் பங்குச்சந்தை விலைகளை அனுப்புவதுதான் அவர் தொழில். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் பிறந்தது அப்படித்தான். இன்று 1994இல் திறந்த ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்துக்குள்ளும் கண்ணாடி இழைக் கேபிள்கள் ஓடுகின்றன.

நெட்ஃபிளிக்ஸ், பிபிசி ஐபிளேயர் எல்லாம் அங்கே பார்க்கலாமா?

பிபிசியின் இணைய டிவியான ஐபிளேயரின் பிரிட்டிஷ் சேவையை வெளிநாட்டிலிருந்து நேரடியாகப் பார்க்க முடியாது, பிரெக்ஸிட்டுக்கு முன்பும் முடியாது. காசு கட்டிப் பார்க்கும் சேவைகளை ஐரோப்பா முழுக்கச் சொந்த ஊர் பட்டியலோடு பார்க்கும் உரிமை 2018 ஏப்ரலில் வந்தது. பிரிட்டிஷ்காரர்களுக்கு 2021 ஜனவரியில் போனது. இப்போது பாரிஸ் போனால் பிரான்ஸ் பட்டியல்தான் வரும். பெரிய இழப்பா? இல்லை. பாரிஸ் போயும் நெட்ஃபிளிக்ஸ் பார்ப்பவரைப் பற்றி என்ன சொல்ல.

வெளியேறிய பிறகும் ஏன் ஒவ்வொரு தளத்திலும் ‘குக்கீயை ஏற்கிறீர்களா’ என்று கேட்கிறது?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி. குக்கீ என்பது நம்மை அடையாளம் வைத்துக்கொள்ள ஒரு தளம் நம் கருவியில் போடும் சின்னக் கோப்பு. ஐரோப்பிய விதிகளை எரிச்சலோடு பார்த்தவர்கள், வெளியேறினால் முதலில் ஒழியும் என்று எதிர்பார்த்ததே இந்தப் பெட்டியைத்தான். ஒழியவில்லை.

காரணம் சட்டம். இணையத் தனியுரிமை பற்றிய ஐரோப்பாவின் 2002ஆம் ஆண்டு உத்தரவைப் பிரிட்டன் 2003இல் தன் சொந்தச் சட்டமாக எழுதிக்கொண்டது. 2018 மே 25இல் வந்த ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் அப்படியே நகலெடுத்து ‘யூகே ஜிடிபிஆர்’ என்று பெயர் வைத்துக்கொண்டது. வெளியேறியபோது சட்டமும் கூடவே வந்துவிட்டது.

ஏன் மாற்றவில்லை? ரொம்ப மாற்றினால் சிக்கல். ஒரு பிரெஞ்சு நிறுவனம் தன் வாடிக்கையாளர் விவரங்களை மான்செஸ்டரிலுள்ள கணினியில் தாராளமாக வைக்க வேண்டுமானால், ‘பிரிட்டனின் பாதுகாப்பு எங்களுக்குச் சமம்தான்’ என்று ஐரோப்பிய ஆணையம் ஒப்புதல் தர வேண்டும். 2021 ஜூனில் தந்தது, 2025 டிசம்பரில் புதுப்பித்தது. விதிகளைத் தளர்த்தினால் அந்த ஒப்புதல் போய்விடும் என்ற பயம் லண்டனில் எப்போதும் உண்டு. முன்பு அந்த விதியை எழுதும் மேசையில் பிரிட்டனுக்கு நாற்காலி இருந்தது. இப்போது விதி இருக்கிறது, நாற்காலி இல்லை. இதைத்தான் ‘கட்டுப்பாட்டைத் திரும்பப் பெறுவோம்’ என்று சொல்லி வாங்கினார்கள்.

சின்னச் சின்ன விலகல்கள் தொடங்கிவிட்டன. 2025இல் வந்த புதிய தரவுச் சட்டம், தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவது போன்ற சில குக்கீகளுக்கு அனுமதி கேட்க வேண்டாம் என்கிறது. பெரிய விலகல் வேறு இடத்தில். ‘உன் விவரங்களை வைத்து விளம்பரம் காட்டச் சம்மதி, இல்லையென்றால் மாதச் சந்தா கட்டு’ என்ற முறையை ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா ஐரோப்பாவில் கொண்டுவந்தது. அதற்கு 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் 20 கோடி யூரோ அபராதம் போட்டது. அதே ஆண்டு மெட்டா அதே மாதிரி முறையைப் பிரிட்டனில் கொண்டுவந்தபோது இங்குள்ள தகவல் ஆணையர் அலுவலகம் வரவேற்றது. சந்தா இங்கே மலிவு என்பதும் உண்மை: இணையத்தில் மாதம் 2.99 பவுண்ட். நம்முடைய தனியுரிமைக்கு இரண்டு கரையிலும் இரண்டு நியாயம். பிரிட்டிஷ் பத்திரிகைத் தளங்கள் பலவும் இதே வழியைப் பிடித்துக்கொண்டன. நான் காசும் கட்டுவதில்லை, சம்மதமும் தருவதில்லை. தலைப்பை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

என் விவரங்கள் எந்த நாட்டில் இருக்கின்றன?

வெளியேறும் முன் பிரிட்டிஷ் பயனர்களின் கூகிள், ஃபேஸ்புக் கணக்குகள் அயர்லாந்திலுள்ள கிளை நிறுவனங்களின் பொறுப்பில் இருந்தன. 2020இல் இரண்டு நிறுவனங்களுமே அவற்றை அமெரிக்கத் தலைமை நிறுவனத்தின் கீழ் மாற்றுவதாக அறிவித்தன. பிரிட்டிஷ் சட்டம் இன்னும் பொருந்தும். ஆனால் அயர்லாந்துத் தலைநகர் டப்ளினிலுள்ள தரவு அதிகாரியிடம் புகார் போகும் வழி அடைபட்டது. நிபந்தனைகள் மாறுகின்றன என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

‘டாட் ஈயூ’ முகவரி வைத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

இழந்தார்கள். டாட் ஈயூ வைத்திருக்க ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்க வேண்டும், அல்லது அதன் உறுப்பு நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும். 2021 ஜனவரி 1இல் பிரிட்டனில் பதிவான சுமார் 80,000 முகவரிகளை முடக்கினார்கள். ஒரு வருடம் கழித்து அவை கைவிட்டுப் போயின. இதில் மாட்டியவர்களில் ‘லீவ் டாட் ஈயூ’வும் ஒன்று. ஐரோப்பாவை விட்டு வெளியேறுவோம் என்று பிரசாரம் செய்த இன்னொரு அமைப்பு அது. கதை எழுதுகிறவர் இப்படி எழுதினால் மிகையென்று சொல்லியிருப்போம்.

ஜெர்மனியிலிருந்து ஆன்லைனில் சாமான் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

135 பவுண்டுக்குள் இருந்தால் விற்பவரே பிரிட்டிஷ் வாட் வரி 20 சதவீதத்தைக் கடைசிப் பக்கத்தில் சேர்த்து வாங்கி, பிரிட்டிஷ் அரசுக்குக் கட்ட வேண்டும். அமேசான் மாதிரி பெரிய சந்தை என்றால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சொந்தமாகத் தளம் நடத்தும் சின்னக் கடைக்காரர் என்றால் இன்னொரு நாட்டின் வரித்துறையில் பதிவு செய்ய வேண்டும். அதனால்தான் 2021 தொடக்கத்தில் ஐரோப்பியச் சிறு கடைகள் பல பிரிட்டனுக்கு அனுப்புவதையே நிறுத்தின. உலகம் முழுக்க அனுப்புவோம், பிரிட்டனுக்கு மட்டும் இல்லை என்று ஒரு டச்சு சைக்கிள் உதிரிபாகக் கடை வெளிப்படையாகவே எழுதிப் போட்டது.

135 பவுண்டுக்கு மேல் போனால் வரியைக் கூரியர் நிறுவனம் வாசலில் வைத்து வசூலிக்கும், கூடவே தன் சேவைக் கட்டணத்தையும். ராயல் மெயிலில் அது 8 பவுண்ட், கூரியர்களில் இன்னும் அதிகம். இதற்கு மேல் சுங்கவரி. ‘ஐரோப்பாவோடு வரியில்லா ஒப்பந்தம் இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது, ஐரோப்பாவில் தயாரான பொருளுக்கு. ஜெர்மன் கடையில் விற்கும் வியட்நாம் ஷூவுக்கு அது பொருந்தாது. எனக்கு இப்படி ஒரு ஜோடி வந்தது. கூரியர்காரர் நீட்டிய பில்லைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திருப்பி அனுப்பினேன். பணம் திரும்பி வருவதற்குள் அந்த மாடலே கடையில் இல்லை.

புத்தகத்துக்கு வாட் பூஜ்யம் என்பதால் அது ஓரளவு தப்பிக்கும். சொந்தக்காரர் அனுப்பும் பரிசு 39 பவுண்டுக்குள் இருந்தால் வரி இல்லை. பெட்டியின் மேல் ஒட்டும் சுங்கத் தாளில் ‘பரிசு’ என்பதையும் உள்ளே என்ன, என்ன விலை என்பதையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பாரிஸிலிருந்து வரும் பெட்டியில் இறைச்சி, பால் பொருள் எதுவும் வைக்கச் சொல்லாதீர்கள். இந்தப் பக்கத்திலிருந்து அங்கே கொண்டுபோவதற்கும் தடைதான். 2021 ஜனவரியில் ஹாலந்தின் ஹூக் வான் ஹாலந்து துறைமுகத்தில் ஒரு லாரி ஓட்டுநரின் பன்றி இறைச்சி சாண்ட்விச்சைப் பறித்துக்கொண்டு ‘பிரெக்ஸிட்டுக்கு வரவேற்கிறோம் ஐயா’ என்று சிரித்த அதிகாரியின் வீடியோ உலகம் முழுக்கப் பார்த்ததுதான்.

இங்கிருந்து ஐரோப்பாவுக்கு விற்பது?

இன்னும் கஷ்டம். பெரிய நிறுவனங்கள் நெதர்லாந்திலோ அயர்லாந்திலோ ஒரு கிடங்கு போட்டுச் சமாளித்துவிட்டன. வீட்டில் சோப்பு செய்து, கம்பளித் தொப்பி பின்னி ஆன்லைனில் விற்றவர்கள்தான் அடிபட்டவர்கள். 2021 ஜூலையிலிருந்து எவ்வளவு சின்னப் பார்சலுக்கும் ஐரோப்பாவில் வாட் உண்டு. 2024 டிசம்பர் 13இல் பொதுப் பொருள் பாதுகாப்பு விதி வந்தது. அதன்படி ஐரோப்பாவுக்குள் பொறுப்பேற்க ஒரு பிரதிநிதியைக் காசு கொடுத்து நியமிக்க வேண்டும். மாதம் பத்துத் தொப்பி விற்பவர் என்ன செய்வார்? தளத்தில் ஐரோப்பாவையே அணைத்துவிட்டார்.

கொடுமை என்னவென்றால், பொருள் விதிகளில் வட அயர்லாந்து இன்னும் ஐரோப்பாவோடு சேர்ந்து நிற்கிறது. ஆகவே இங்கிலாந்தின் லீட்ஸில் இருக்கும் கடை வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டுக்கு அனுப்பவும் இந்த விதியைப் பார்க்க வேண்டும். சொந்த நாட்டுக்குள்ளேயே ‘உங்கள் பகுதிக்கு டெலிவரி இல்லை’ என்று வருகிறது. மாறாக, டப்ளினிலிருந்தோ பெர்லினிலிருந்தோ வாங்கினால் பெல்ஃபாஸ்ட்காரருக்குச் சுங்கத் தொல்லை இல்லை.

பிரிட்டனில் எல்லோரும் விபிஎன் போட்டுக்கொண்டு ஐரோப்பாவில் இருப்பதுபோல் நடிக்கிறார்களாமே?

‘எல்லோரும்’ என்பது மிகை, நிறையப் பேர். 2023இல் நிறைவேறிய ஆன்லைன் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்கள், பிள்ளைகளுக்கு ஆபத்தான சில உள்ளடக்கங்கள் எல்லாவற்றுக்கும் வயதைச் சரிபார்க்க வேண்டும். முகத்தை கேமராவில் காட்டு, அல்லது அடையாள அட்டையைக் காட்டு, அல்லது கிரெடிட் கார்டு கொடு. மீறும் நிறுவனத்துக்கு 1.8 கோடி பவுண்ட் அல்லது உலக வருமானத்தில் 10 சதவீதம், எது அதிகமோ அது. அந்த வார இறுதியிலேயே ஆப்பிள் ஆப் ஸ்டோரின் இலவசப் பட்டியலில் விபிஎன் செயலிகள் உச்சிக்குப் போயின. சட்டத்தை நீக்கச் சொல்லி நாடாளுமன்றத் தளத்தில் வந்த மனுவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

இதைப் பார்த்து ‘ஐரோப்பா சுதந்திரம், பிரிட்டன் சிறை’ என்று முடிவு கட்டாதீர்கள். பிரான்ஸ் அதே ஆண்டு அதேபோல வயதுச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. போர்ன்ஹப் அங்கே கடையையே மூடியது. ஐரோப்பிய ஆணையமும் 2025இல் வயது காட்டும் செயலி ஒன்றைச் சோதிக்கத் தொடங்கியது. இரண்டு கரையும் ஒரே திசையில்தான் நடக்கின்றன, ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி. பிள்ளைகளைப் பாதுகாக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பேர் தெரியாத ஒரு நிறுவனத்திடம் முகத்தைக் கொடுப்பதில் மறுப்பு உண்டு.

பயணம் உண்மையிலேயே கடினமாகிவிட்டதா?

கடினம் இல்லை, தாமதம். 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். பாஸ்போர்ட் உள்ளே நுழையும் நாளில் 10 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, திரும்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் செல்ல வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கத் தொடங்கினார்கள். 12 வயதுக்குக் கீழ் விரல்ரேகை வேண்டாம். டோவரிலும் லண்டனின் செயின்ட் பான்கிராஸ் யூரோஸ்டார் ரயில் நிலையத்திலும் இந்த வேலையைப் பிரெஞ்சுப் போலீஸ் இங்கிலாந்துக்குள்ளேயே நின்று செய்கிறது. அது பிரெக்ஸிட்டுக்கு முந்தைய ஒப்பந்தம்.

இது பிடிக்காமல் பாட்டி, தாத்தாவைத் தேடிப் போனவர்கள் ஏராளம். நால்வரில் ஒருவர் அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால் ஐரிஷ் குடியுரிமை கிடைக்கும், ஐரோப்பிய வரிசையில் நிற்கலாம். பூர்வீகம் பார்க்கும் தளங்களுக்கு அந்த வருடங்களில் நல்ல வியாபாரம் நடந்திருக்கும்.

யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் பிரிட்டனுக்குப் பூஜ்யம் வருவது பிரெக்ஸிட் கோபத்தாலா?

ஒவ்வொரு மே மாதமும் இணையத்தில் இந்தப் புலம்பல் உண்டு. 2003இலும் பூஜ்யம்தான், அப்போது பிரிட்டன் ஒன்றியத்துக்குள்தான் இருந்தது. 2021இல் மறுபடி பூஜ்யம், உடனே ‘ஐரோப்பா பழிவாங்குகிறது’ என்றார்கள். அடுத்த ஆண்டே சாம் ரைடர் 466 புள்ளியோடு இரண்டாம் இடம். யுக்ரேன் வென்றது, போர் காரணமாக 2023 விழா லிவர்பூலில் நடந்தது. கோபம் ஒரே வருடத்தில் தீர்ந்துவிட்டதா? பாட்டு நன்றாக இருந்தது, அவ்வளவுதான். 2024, 2025 இரண்டிலும் பார்வையாளர் ஓட்டில் மறுபடி பூஜ்யம். அந்த இரண்டு பாட்டையும் கேட்டேன். ஐரோப்பா மேல் தப்பில்லை.

சாதாரண ஐரோப்பியர்கள் பிரிட்டிஷ்காரர்களிடம் கோபமாக இல்லை என்பது என் அனுபவம். 2019 வரை ஆவலாகக் கேட்டார்கள், அப்புறம் அனுதாபப்பட்டார்கள், இப்போது மறந்துவிட்டார்கள். மறதிதான் இங்குள்ள சிலருக்குக் கோபத்தைவிட உறைக்கிறது.

திரும்பச் சேருவார்களா?

வெளியேறியது தவறு என்பவர்கள் கருத்துக்கணிப்புகளில் பல வருடமாகவே முன்னிலையில். ஆனால் கணிப்பு வேறு, அரசியல் வேறு. 2019 மார்ச்சில் வெளியேற்றத்தை ரத்து செய்யச் சொன்ன ஆன்லைன் மனுவில் 61 லட்சம் கையெழுத்து விழுந்தது. கூட்டம் தாங்காமல் நாடாளுமன்றத் தளமே படுத்தது. அரசாங்கம் முடியாது என்று ஒரு பதில் எழுதியது, முடிந்தது கதை. ஆன்லைன் கூட்டத்தை வைத்து நாட்டை அளக்கக்கூடாது என்று பலருக்கு அன்றைக்குத்தான் புரிந்திருக்கும்.

லேபர் அரசும் ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம், சுதந்திரப் போக்குவரத்து மூன்றுக்கும் மாட்டேன் என்கிறது. அதற்குப் பதில் துண்டு துண்டாகச் சேர்கிறார்கள். ஆராய்ச்சிக்கான ஹொரைசன் திட்டத்தில் 2024 ஜனவரியிலேயே திரும்பச் சேர்ந்தாயிற்று. 2025 மே 19இல் லண்டனில் ஐரோப்பியத் தலைவர்களோடு புது உடன்பாடு. விலையாக மீன்பிடி உரிமை 2038 வரை நீண்டது. மாணவர் பரிமாற்றத்துக்கான எராஸ்மஸில் 2027 முதல். இதில் எராஸ்மஸ்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெர்லினில் ஒரு வருடம் படித்து, அங்கே நாலு நண்பர்களைச் சம்பாதித்த பிள்ளைக்கு வாழைப்பழக் கதை சொல்லி எதையும் விற்க முடியாது. முழுதாகச் சேர்வது? என் காலத்தில் நடக்கும் என்று பந்தயம் கட்டமாட்டேன்.

பாரிஸிலிருந்து சொந்தக்காரர்கள் லண்டன் கல்யாணத்துக்கு வருகிறார்கள். என்ன தேவை?

முதலில், பிரெஞ்சு அடையாள அட்டை போதாது. 2021 அக்டோபரிலிருந்து பாஸ்போர்ட் கட்டாயம். பாரிஸின் லா சப்பல் பக்கம் பலகாலமாகக் குடியிருக்கும், அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு யூரோஸ்டாரில் வந்துபோன பெரியவர்கள் இன்னும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். முன்பே சொல்லி விண்ணப்பிக்க வையுங்கள்.

இரண்டாவது, 2025 ஏப்ரல் 2 முதல் ஐரோப்பியர்களுக்கு இடிஏ என்ற மின் அனுமதி வேண்டும். அதே மாதம் கட்டணம் 16 பவுண்ட் ஆனது. இதுவும் ஏறும் ஜாதி, கட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை இன்னும் வாங்காமல் இலங்கைப் பாஸ்போர்ட்டில் இருப்பவருக்கு இடிஏ உதவாது, விசாதான்.

மூன்றாவது, போலித் தளங்கள். இடிஏ என்று தேடினால் விளம்பரமாக மேலே வருவது அரசுத் தளம் என்று நினைக்காதீர்கள். அதே வேலைக்குப் பல மடங்கு வாங்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். முகவரி ‘கவ் டாட் யூகே’ என்று முடிகிறதா என்று பாருங்கள். நீங்கள் அந்தப் பக்கம் போகும்போது எடுக்கும் ஜிஹெச்ஐசி மருத்துவ அட்டையிலும் இதே மோசடி உண்டு. அது அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸின் தளத்தில் முற்றிலும் இலவசம். காசு கேட்டால் உடனே மூடிவிடுங்கள்.